பிலோமியின் வலது தோள்

பிலோமி கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டபோது வெயிலுக்காக என்று சொன்னாள். மாசி மாதத்தில் ராயபுரத்தில் அப்படி என்ன வெயில் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு புடவையை விட்டு, முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிக்கு மாறினாள். அதையும் யாரும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் பாதிப் பெண்கள் நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மார்க்கெட் வரைக்கும் போய்வருகிறவர்கள். உண்மை என்னவென்றால், அவளுடைய வலது கை பின்னந்தலைக்கும் போகவில்லை, முதுகுக்கும் போகவில்லை. சீப்பைத் தூக்க முடியாதவள் முடியைக் குறைத்தாள். கொக்கி மாட்ட முடியாதவள் ஜாக்கெட்டை விட்டாள். வலியைக் குறைக்க மட்டும் அவள் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள்.

ஐம்பத்தெட்டு வயது அவளுக்கு. காசிமேட்டில் பிறந்து கல்மண்டபம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்து, இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவள். கணவர் செல்வநாதன் துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்தார். கப்பலின் வயிற்றுக்குள் கிடக்கும் சரக்கு, கிரேன் ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாது. மேல்தளத்தின் விளிம்பில் நிற்கிற சிக்னல்மேனின் கைதான் அவனுக்குக் கண். ஆள்காட்டி விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்கு. கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சேர்ந்து பிரிந்தால் மெதுவாக. முஷ்டியை மூடினால் நில். மூடிய முஷ்டிக்கு மேல் கேப்டன் சொன்னாலும் எடுபடாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடமே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சும் அதோடு போனது. புத்தி போகவில்லை. இடது கையும் போகவில்லை. ஆனால் ஒரு பக்கம் விழுந்தவரை முழுதும் விழுந்தவராகவே நடத்துவது நம் வீடுகளில் வழக்கம். பிலோமியும் அப்படித்தான் நடத்தினாள். புரட்டுவது, உட்கார வைப்பது, நாற்காலிக்கு மாற்றுவது எல்லாம் அவள் வேலை. அவருடைய அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்து, மார்போடு அணைத்து, "ஏசுவே" என்று ஒரே தூக்கு. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். தூக்குகிறவர் தோளுக்கும் கெடுதல், தூக்கப்படுகிறவர் தோளுக்கும் கெடுதல். ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். ஆளை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோகிற பதற்றத்தில் அதெல்லாம் யார் காதில் விழுகிறது?

பொங்கல் வாக்கில் மேல்கையின் வெளிப்புறம் ஒரு வலி ஆரம்பித்தது. தைலம் தடவினாள். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைந்தது. அலமாரியின் மேல்தட்டுக்குக் கையை நீட்டினால் உயிர் போனது. நாலு நாளில் போய்விடும் என்று இருந்தாள். போகவில்லை.

அதற்குள் சாம்பல் புதன் வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஆளுக்கொரு ஒறுத்தல் வைப்பார்கள். ஒருவர் கறியை விடுவார், ஒருவர் டீயை விடுவார், ஒருவர் சீரியலை விடுவார். பிலோமி வருடா வருடம் மீனை விடுவாள். காசிமேட்டில் பிறந்தவளுக்கு அதைவிடப் பெரிய தியாகம் கிடையாது. இந்த வருடம் நெற்றியில் சாம்பலோடு கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தோள் சுளீரென்று இழுத்தது. அந்த வலியையே கொடுத்துவிட்டாள். "இந்த நோவ யாராண்டயும் சொல்ல மாட்டேன். மாத்திரை போட மாட்டேன், தைலம் தொட மாட்டேன். நீ அந்தாளு வாயத் தொறந்து வுடு." ஆண்டவரிடமும் அவளுக்கு மெட்ராஸ் பாஷைதான்.

மருந்து இல்லை என்றால் வலிக்கிற கையை ஆட்டாமல் வைப்பதுதான் யாருக்கும் தோன்றும். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இடது கையால் எல்லா வேலையும் செய்யப் பழகினாள். சிலுவைப் பாதை வெள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. வலி கொஞ்சம் மட்டுப்பட்டது போலிருந்தது. ஜெபம் கேட்கப்படுகிறது என்று நினைத்தாள். உண்மையில் தோள் பூட்டிக்கொண்டிருந்தது. பாஸ்கா என்கிற ஈஸ்டர் வந்தது, கோயில் மணியெல்லாம் அடித்தது, செல்வநாதன் பேசவில்லை. சரி, இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று, அவர் பேசுகிறவரை ஒறுத்தலை நீட்டிவிட்டாள்.

வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் இருந்தாள். கட்டிலில் கிடக்கிறவருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது என்பதை மறந்துபோனாள்.

படுத்திருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி கொடுக்கிற அரசுத் திட்டத்தில் ராமசெல்வி என்ற பிசியோதெரபிஸ்ட் வருவாள். திருவொற்றியூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். பாஸ்கா கழிந்து அவள் வந்த அன்று, செல்வநாதனின் வலது காலை மடக்கி நீட்டத் தொடங்கியதும் அவர் இடது முஷ்டியை மூடித் தூக்கிப் பிடித்தார்.

"என்னய்யா, வலிக்கா?" காலை விட்டுக் கையைப் பிடித்தாள். முஷ்டி இறங்கவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து நின்றாள். அப்போதும் முஷ்டி அப்படியே நின்றது.

"ஒண்ணுமில்லம்மா, இன்னிக்குப் போதும்ன்றாரு. காலையிலேர்ந்தே ஒரு மாதிரி பேஜாரு பண்ணிகினு கீறாரு," என்றாள் பிலோமி. அந்த முஷ்டிக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

செல்வநாதன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முஷ்டியைப் பிரித்து, அந்தக் கையை மார்புக்கு நேரே நிறுத்தி, தலையைக் குனிந்து குனிந்து கொண்டுவந்து நெற்றியால் விரலைத் தொட்டார். திரும்பவும் ஒருமுறை செய்தார். பிலோமியைக் காட்டினார்.

"யோவ், கொரங்கு சேட்ட பண்ணாத."

"இருங்கம்மா," என்றாள் ராமசெல்வி. "நீங்க சிலுவை போடுங்க பாப்போம்."

"இன்னாத்துக்கு? நீ இன்னா ஞானஸ்நானம் எடுக்கப் போறியா?"

"போடுங்கம்மா."

பிலோமி சிலுவை போட்டாள். கை நெற்றிக்குப் போகவில்லை, நெற்றிதான் கைக்கு வந்தது. மாலை ஜெபத்தில் தினமும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. பக்தியில் குனிகிறாள் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். கட்டிலில் இருந்தவர் நினைக்கவில்லை.

ராமசெல்வி அவளை ஸ்டூலில் உட்கார வைத்துக் கையைத் தூக்கச் சொன்னாள். கை கொஞ்சம்தான் எழும்பியது. அதற்குப் பதிலாகத் தோள்பட்டை முழுவதும் காதை நோக்கி ஏறியது. பிறகு ராமசெல்வியே அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அதே இடத்தில் நின்றது. முழங்கையை விலாவோடு வைத்து உள்ளங்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். துருப்பிடித்த கதவுபோல அசையவே இல்லை.

"நீங்களா தூக்கினாலும் வரல, நான் தூக்கினாலும் வரல. அதான் அடையாளம். தசை கிழிஞ்சிருந்தா பெரும்பாலும் நான் தூக்கும்போது வந்துரும். இது மூட்டே இறுகிப் போச்சு."

"எப்படி இறுகும்? நான் கீழ வுழலையே, அடி படலையே."

"மூட்டைச் சுத்தி ஒரு உறை உண்டும்மா. அது உங்க நைட்டி மாதிரி தொளதொளன்னு இருந்தாத்தான் கை எல்லாப் பக்கமும் சுத்தும். உங்களுக்கு அது புண்ணாகி, சுருங்கி, பத்தாத ஜாக்கெட் மாதிரி ஆயிட்டு. கைய ஆட்டாமலே வச்சிருந்தீங்களா?"

"ஆமா, நோவுதேன்னு."

"அதுல இன்னும் இறுகிட்டு. சுகர் இருக்கிறவங்களுக்கு இது ஜாஸ்தி வரும். டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"எனக்கு இன்னாத்துக்கு சுகரு?"

"பூரா மெட்ராஸும் இதத்தான் சொல்லுது," என்றாள் ராமசெல்வி. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து, ரத்தமும் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். பிலோமி தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. போனால் மாத்திரை கொடுப்பார்கள். போட்டால் ஒறுத்தல் முறிந்துவிடும். முறிந்தால் அவருக்குப் பேச்சு வராது. அவள் கணக்கு இவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு காலை, செல்வநாதனை நாற்காலிக்கு மாற்றும்போது இடது கையை மட்டும் நம்பித் தூக்கினாள். பாதித் தூக்கில் பாரம் வலது பக்கம் சாய்ந்தது. வலது கையைக் கொடுக்கப் போனாள், அது வரவில்லை. இரண்டு பேரும் கட்டிலோரமாகச் சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல வேளை, எலும்பு எதுவும் போகவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. "ஒவைசு!" என்று அவள் போட்ட சத்தத்தில், மாடியில் குடியிருந்த வெல்டர் ஒவைஸ் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு இறங்கி ஓடிவந்தான்.

"இன்னா ஆண்ட்டி, ரெண்டு பேரும் கீழ குந்திகினு படம் பாக்குறீங்களா?"

"நக்கலு அப்பறம் பண்ணு. மொதல்ல அந்தாளப் புடி."

அவன் செல்வநாதனைப் பிடித்தான். பிறகு அவளைப் பிடித்தான். பிறகு போனை எடுத்து சாவியோவுக்கும் சொல்லிவிட்டான்.

சாவியோ ஒரே மகன். எண்ணூர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, குடித்தனம் திருவொற்றியூரில். அன்று சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, கட்டில் காலடியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். மீஞ்சூர் தாண்டி கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம் ஒன்று இருக்கிறது. நல்ல இடம், போய்ப் பார்த்துவிட்டான். ஆடி பிறப்பதற்குள் ஒரு கட்டில் காலியாகும்.

"நைனாவ ஹோமுக்கா?"

"நான் அவர தள்ளிவுடல மா. உன்னக் காப்பாத்தறேன். ஒரு ஆளு படுத்துகினு கீறாரு. நீயும் படுத்தா நான் யாரத் தூக்குவேன்?"

"நான் செத்தப்பறம் கொண்டும்போ."

"அத்துக்குத்தான மா பயப்படறேன்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். செல்வநாதன் சுவரைப் பார்த்துக் கிடந்தார். அவருடைய இடது கை போர்வைமேல் மல்லாந்து கிடந்தது. தூக்கு என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. பிலோமி அந்தக் கையைப் பார்த்தாள். இவர் இந்த வீட்டில் இருப்பதும் போவதும் தன் வலது தோளில் நிற்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. தோளைச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்தால் நேர்ச்சை முறியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று சைமன் ஃபாதர் செல்வநாதனுக்கு நற்கருணை கொடுக்க வந்தார். அவரும் ராயபுரத்துக்காரர்தான். தெருவில் கிரிக்கெட் ஆடிக் கண்ணாடி உடைத்தவர் என்பதால் அவரிடம் பேச அவளுக்குக் கூச்சம் கிடையாது. எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் நற்கருணைச் சிமிழைப் பையில் வைத்தார். பிறகு கேட்டார்: "பிலோமி, உன் மோதிரத்த உண்டியல்ல போட்டா அது காணிக்க. பக்கத்து வூட்டுக்காரி மோதிரத்தப் போட்டா?"

"திருட்டு."

"கல்யாணத்தன்னிக்கு எந்தக் கையப் புடிச்சிகினு வாக்குக் குடுத்த?"

"வலது கைய."

"நோயிலும் ஒடம்பு நல்லா இருக்கறப்பவும்னு சொல்லிக் குடுத்த. அப்பவே அது அவரு கை. அவருத எடுத்து நீ எப்படிக் காணிக்க வெப்ப?"

பிலோமி தன் வலது கையைப் பார்த்தாள். "அப்போ இத்தினி நாளு நொந்ததெல்லாம் வேஸ்ட்டா ஃபாதர்?" என்றாள்.

"அத ஆண்டவர் பாத்துக்குவாரு. நீ போய் எக்ஸ்ரே எடு."

மறு வாரம் மருமகள் சில்வியா வந்து மாமனாரோடு உட்கார்ந்துகொண்டாள், பிலோமி ஸ்டான்லிக்குப் போனாள். எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தது. எவ்வளவு காலமாக இருந்ததோ யாருக்கும் தெரியாது. "தோள் வலிக்கலேன்னா நீங்க வந்திருக்கவே மாட்டீங்க, இல்லம்மா?" என்று டாக்டர் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். வந்திருக்க மாட்டாள்தான். கண்ணோ காலோ போன பிறகு வந்திருப்பாள். பஸ்ஸில் திரும்பும்போது, அந்தத் தோளுக்கே முதன்முறையாக ஒரு நன்றி சொன்னாள். சர்க்கரைக்கும் வலிக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சர்க்கரை கட்டுக்கு வந்த பிறகு மூட்டுக்குள் ஒரு ஊசியும் போட்டார்கள். அதற்கப்புறம் இரவில் தூங்க முடிந்தது. தூங்கி எழுந்த மனுஷிக்குத்தான் பயிற்சி செய்யப் பலம் வரும்.

பயிற்சிகள் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெந்நீரில் பிழிந்த துண்டைத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு இடது கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு, கிரேன் கொக்கி காற்றில் ஆடுவதுபோல மெல்ல ஆடவிட வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, துடைப்பக் கட்டையின் இரு முனைகளையும் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். சுவரில் விரல்களைப் பல்லிபோல மேலே ஏற்ற வேண்டும். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேல்கையால் கீழ்க்கையை இழுக்க வேண்டும். இந்தக் கடைசிப் பயிற்சியை, குளித்துவிட்டு முதுகு துடைக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

"இழுக்குற மாதிரி இருக்கலாம். உயிர் போற மாதிரி இருக்கக் கூடாது," என்றாள் ராமசெல்வி. "செஞ்சு முடிச்சுக் கொஞ்ச நேரத்துல வலி அடங்கிடுச்சுன்னா சரி. மறுநாளும் இருந்தா நேத்து அதிகமாப் பண்ணிட்டீங்கன்னு அர்த்தம்."

"எப்போ சரியாவும்?"

"ஒரு வருஷம் ஆகலாம். கூடவும் ஆகலாம். ஆனா இறுக்கம் இறங்கும்."

"ஆடிக்குள்ள ஆவணும்."

"மூட்டுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாதும்மா."

ஆனால் பிலோமிக்குத் தெரிந்ததே. இரண்டு நாள் நல்ல பிள்ளையாகச் செய்தாள். மூன்றாம் நாள் சுவருக்கு முன்னால் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை ஸ்விட்ச்போர்டை நோக்கி ஏற்றினாள். கட்டிலில் முஷ்டி எழுந்தது. "நீ சும்மா கெட. இது இன்னா கப்பலா?" என்று இன்னும் ஒரு சாண் ஏற்றினாள். அந்த வாரம் முழுக்க டீ கிளாஸைக்கூட வலது கையால் தூக்க முடியவில்லை.

ராமசெல்வி வந்து கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. செல்வநாதன் பக்கம் திரும்பினாள். "ஐயா, இவங்களுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியல. உங்களுக்குத் தெரியுது. இனிமே நீங்க விரல் காட்டாம இவங்க ஆரம்பிக்கக் கூடாது. நீங்க முஷ்டி காட்டினா நிறுத்திரணும். இந்த வேலைய உங்க கிட்டதான் விடுறேன்."

மறுநாள் காலை அவர் பனியனோடு சாய்ந்து உட்கார மறுத்துவிட்டார். பீரோவைக் காட்டிக்கொண்டே இருந்தார். பிலோமி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள், கடைசியில் அடித்தட்டில் கிடந்த பழைய துறைமுகக் காக்கிச் சட்டைக்குத்தான் தலையாட்டினார். "துட்டு யாரு குடுப்பா உனக்கு, நானா?" என்று திட்டிக்கொண்டே அதைப் போட்டுவிட்டாள். போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைத்தாள். அதுவும் ராமசெல்வி சொல்லிக் கொடுத்ததுதான். அவர் விரலை மேல்நோக்கிச் சுழற்றினார். அவள் விரல்கள் சுவரில் ஏறின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிரிந்தன. அவள் வேகத்தைக் குறைத்தாள். அவள் முகத்தில் வலி தெரிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே முஷ்டி மூடிக்கொண்டது. எப்படித்தான் கண்டுபிடிப்பாரோ. கயிறு முறுக்கேறுவதைத் தூரத்திலிருந்தே பார்த்துப் பழகிய கண் அது.

இதற்கிடையில் அவரைத் தூக்குகிற முறையையும் ராமசெல்வி மாற்றிவிட்டாள். பிலோமி குனியாமல் இருக்கக் கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகள் வந்தன. புரட்டுவதற்கு அவர் உடம்புக்குக் கீழே மடித்த விரிப்பு ஒன்று வந்தது. ஆளைப் பிடித்து இழுப்பதற்குப் பதிலாக விரிப்பைப் பிடித்து இழுத்தால் போதும். மூலக்கொத்தளத்தில் தன் கடையில் ஒவைஸ் ஒரு இரும்புக் கைப்பிடி செய்து கொண்டுவந்து, கட்டிலின் இடது பக்கம் வைத்து இறுக்கினான். கூலி கேட்டபோது, "மீன் கொழம்பு வெச்சா ஒரு குண்டான் மேல அனுப்பு ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டான். அவர் இடுப்பில் ஒரு அகலத் துணிப் பட்டை. அக்குளில் கை போடவே கூடாது.

"மூக்கு முட்டிக்கு மேல வர்ற வரைக்கும் குனியணும்யா. இப்போ கைப்பிடிய இழுங்க, இடது காலை அழுத்துங்க. அம்மா, நீங்க தூக்கக் கூடாது. பட்டையப் புடிச்சு வழிகாட்டுனா போதும். முழங்காலை மடக்குங்க. வேலை தொடைக்குப் போகட்டும்."

முதல் தடவை எழவில்லை. இரண்டாம் தடவையும் எழவில்லை. அதற்கப்புறம் ஒரு நாள் செல்வநாதன் பிடியை இழுத்து, இடது காலை ஊன்றி, தன் பாரத்தில் முக்கால் பங்கைத் தானே எழுப்பிவிட்டார். பிலோமிக்குப் பட்டையைப் பிடித்த கையில் கனமே தெரியவில்லை. இரண்டு வருடம் இந்த ஆளைச் சரக்கு மாதிரி தூக்கியிருக்கிறோம், அவரிடம் இத்தனை பலம் சும்மா கிடந்திருக்கிறது என்று நினைத்தாள். தன் தோள் பூட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் இன்னும் பல வருடம் அப்படியேதான் தூக்கிக்கொண்டிருந்திருப்பாள்.

ஆனி முடிகிற சமயத்தில் சாவியோ வந்தான். கட்டில் காலியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வேன் வருகிறது என்றான். பிலோமி சண்டை போடவில்லை. "ஒக்காரு. ஒரு நிமிஷம் பாரு, அப்பறம் வேனக் கூப்புடு," என்றாள்.

பட்டையைக் கட்டினாள். முழங்காலை மடக்கினாள். செல்வநாதன் தனக்குத் தானே விரலைச் சுழற்றிக் காட்டிவிட்டுக் கைப்பிடியைப் பற்றினார். குனிந்தார், இழுத்தார், எழுந்தார். ஒரு திருப்பு, நாற்காலி. அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

சாவியோ முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "இன்னொரு தபா," என்றான். இன்னொரு தடவையும் செய்து காட்டினார்கள்.

"உன் கை எம்மாந்தூரம் போவுது?"

"ஸ்விட்ச்போர்டு வரைக்கும். உங்க நைனா அதுக்கு மேல வுட மாட்றாரு."

"ஒரு நாளு நீ வழுக்கிட்டா?"

"மேல ஒவைசு கீறான். ராமசெல்வி வருது. நீ கீற. மூணு நாளைக்கு ஒரு தபா உன் மூஞ்சியக் காட்டிட்டுப் போ, அது போதும்."

அவன் அப்பாவைப் பார்த்தான். செல்வநாதன் நாற்காலியிலிருந்து கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிரித்தார், சேர்த்துப் பிரித்தார். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவனுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

"சரி நைனா," என்றான் சாவியோ. "மெதுவா." வெளியே போய்ப் போன் போட்டு, அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சிஸ்டரிடம் சொன்னான். அதற்கப்புறம் தன் வாரவிடுப்பு நாளில் தகப்பனைக் குளிப்பாட்டுகிற வேலையை அவனே எடுத்துக்கொண்டான்.

செல்வநாதனுக்குப் பேச்சு வரவில்லை. இனி வருமா என்று யாரும் சொல்லவும் இல்லை. மாலை ஜெபத்தில் பிலோமி அதை இன்னும் கேட்கத்தான் செய்கிறாள், ஆனால் பேரம் பேசுவதில்லை. ஜெபமாலை முடிந்ததும் நன்றி சொல்ல ஆட்கள் அதிகமாகிவிட்டதால் ஜெபம் நீண்டுவிட்டது. ராமசெல்விக்கு, அவள் ஸ்கூட்டருக்கு, ஊசி போட்ட டாக்டருக்கு, ஒவைசுக்கு, அவன் அடித்த கைப்பிடிக்கு, ஷேவிங் நுரையோடு வந்ததற்கு, சில்வியாவுக்கு, சொன்ன நாளில் தவறாமல் வந்துவிடுகிற சாவியோவுக்கு. நடுவில் செல்வநாதன் முஷ்டியை மூடிக் காட்டுவார். சாப்பாடு ஆறிப்போகிறது என்று அர்த்தம்.

டிசம்பர் மாதம் தெரு முழுக்க ஸ்டார் கட்டினார்கள். பக்கவாதம் வந்ததிலிருந்து பிலோமி வீட்டில் கட்டியதில்லை. இந்த வருடம் எம்.சி. ரோட்டில் ஒரு சிவப்பு ஸ்டார் வாங்கி, பல்பு கோத்து, வாசல் நிலைக்கு முன்னால் கொண்டுவந்தாள். நிலையின் உச்சியில் ஒரு ஆணி, அதற்குக் கீழே பக்கவாட்டில் இன்னொரு ஆணி இருந்தன. ஒவைஸ் மாடிப்படியில் நின்றபடி, "குடு ஆண்ட்டி, நான் மாட்டறேன்," என்றான். "நீ போய் உன் வேலையப் பாரு," என்றாள்.

நாற்காலியில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த செல்வநாதனைப் பார்த்தாள். அவர் விரலைச் சுழற்றினார். வலது கை ஸ்டாரோடு மேலே எழுந்தது. மார்பைத் தாண்டியது, முகத்தைத் தாண்டியது, தலைக்கு மேலே வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிரிந்தன. இன்னும் கொஞ்சம் ஏறியது. முஷ்டி.

"இன்னும் போவும்யா. மேல் ஆணி இங்கதான் கீது."

முஷ்டி அசையவில்லை.

"ஒரு சாண்யா."

அசையவே இல்லை. பிலோமி முணுமுணுத்துக்கொண்டே கீழ் ஆணியில் ஸ்டாரை மாட்டிவிட்டுக் கையை இறக்கினாள். தோள் இழுத்தது, ஆனால் நோகவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் ஸ்டார் எரிந்தது. அதற்குக் கீழே நின்று சிலுவை போட்டாள். தலை நிமிர்ந்தபடியே இருந்தது, கைதான் நெற்றிக்குப் போனது.

ஸ்டார் வாசலுக்குக் குறுக்கே தாழ்வாகத் தொங்கியதால், அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் எல்லோரும் வாசலில் தலையைக் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது. உயரமான சாவியோ மட்டும் ஒவ்வொரு தடவையும் மறந்துபோய் இடித்துக்கொண்டான்.

"யாருமா இத்த இங்க மாட்டனது?"

"உங்க நைனாவக் கேளு," என்றாள் பிலோமி.